மகள் போர் விமானி ஆக வேண்டும் என்கிறாள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம், கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ். கண்ணாடி போடுவதில்லை. இந்திய விமானப்படையில் போர் விமானி ஆவதில் உறுதியாக இருக்கிறாள். வீட்டில் யாரும் ராணுவத்தில் இருந்ததில்லை. கோச்சிங்கில் சேர்க்கலாமா, எந்தத் தேர்வு எழுதுவது, முதலில் செய்ய வேண்டியது என்ன?

கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் இருக்கும் அளவு டேப்பை எடுங்கள். அதுதான் முதல் வேலை.

இந்தப் பாதையில் வரும் கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. எழுத்துத் தேர்வில் தோற்றால் ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம். நேர்முகத் தேர்வில் தோற்றாலும் வயது இருக்கும்வரை மறுபடி போகலாம். ஆனால் உடல் அளவுகளும் கண்ணும் சரியில்லை என்றால் எத்தனை முறை போனாலும் பதில் மாறாது. விமானி திறன் சோதனையோ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. இரண்டு வருடம் கோச்சிங், எழுத்துத் தேர்வில் வெற்றி, நேர்முகத்தில் வெற்றி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் தொடை நீளம் ஒரு சென்டிமீட்டர் அதிகம் என்று விமானிகளுக்கான பிரிவான பறக்கும் கிளைக்கு நிராகரிப்பு. அந்த ஒரு சென்டிமீட்டர் பிளஸ் ஒன்னிலேயே தெரிந்திருக்கக் கூடியது.

வீட்டிலேயே அளக்கலாம். குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. அடுத்து, சுவரை ஒட்டி ஒரு மரப் பெஞ்சைப் போடுங்கள். மெத்தை வைத்தது கூடாது, அமுங்கினால் அளவு பொய்யாகும். இடுப்பின் பின்புறம், தோள், பின்னந்தலை மூன்றும் சுவரில் படும்படி மகளை நிமிர்ந்து உட்கார வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெஞ்சுப் பலகையிலிருந்து அந்தக் கோடு வரை உட்கார்ந்த உயரம். அது 81.5 முதல் 96 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்து முட்டியை மடக்கிக் காலைத் தொங்கவிட்டால், சுவரிலிருந்து முட்டியின் முன்முனை வரை தொடை நீளம். 64 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. பிறகு தரையில், சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்து காலை நேராக நீட்டச் சொல்லுங்கள். முட்டி தூக்காமல், சுவரிலிருந்து குதிகாலின் அடி வரை கால் நீளம். 99 முதல் 120 செ.மீ. வரை இருக்கலாம். ஒவ்வொன்றையும் மூன்று முறை, வெவ்வேறு நாளில் அளந்து எழுதி வையுங்கள். காலையில் முதுகெலும்பு சற்று நீண்டிருக்கும். மாலைக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். எல்லையில் நிற்பவர்களுக்கு அதுவும் கணக்குதான்.

இந்த எண்கள் யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டவை அல்ல. போர் விமானத்தில் ஆபத்து வந்தால் இருக்கையோடு சேர்ந்து விமானி மேலே எறியப்படுவார். தொடை நீளமாக இருந்தால் அந்தக் கணத்தில் முட்டி முன்னாலிருக்கும் சட்டத்தில் மோதும். கால் குட்டையாக இருந்தால் விமானத்தின் மூக்கை இட வலமாகத் திருப்பும் ரடர் பெடலை முழுவதும் அழுத்த முடியாது. உட்கார்ந்த உயரம் குறைந்தால் இறங்கும்போது விமானத்தின் மூக்குக்கு அப்பால் ஓடுபாதை தெரியாது. அதிகமானால் தலை மேற்கூரைக் கண்ணாடியில் இடிக்கும். அதனால் இதில் சலுகை கேட்டுப் பயனில்லை. பெண்பிள்ளைகளுக்கு 16, 17 வயதில் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால் இப்போது வரும் அளவையே கிட்டத்தட்ட இறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பாரில் தொங்கினால் உயரம் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அடுத்தது கண். கண்ணாடி போடவில்லை என்பது போதாது. கண் மருத்துவரிடம் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொட்டு விடாமல் பார்த்தால் இளவயதுக் கண், தசையை இறுக்கிக் குறையை மறைத்துவிடும். பறக்கும் கிளைக்கு ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 வரை ஏற்கிறார்கள். அந்த 6/9-ம் கண்ணாடி போட்டால் 6/6-க்கு வர வேண்டும். அதுவும் தூரப் பார்வைக் குறைக்கு, அதாவது பிளஸ் பவருக்குத்தான் பொருந்தும். அதன் மேல் எல்லை பிளஸ் 2. கிட்டப் பார்வை, அதாவது மைனஸ் பவர், கூடவே கூடாது. சிலிண்டர் பவர் 0.75-க்குள் இருக்க வேண்டும். நிறப் பார்வைக்கு மிக உயர்ந்த தரமான சி.பி.-1 தேவை. இஷிஹாரா புள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம் தடுமாறினாலும் இப்போதே முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

மைனஸ் பவர் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்கி ஏறும். வெயில் வெளிச்சத்தில் தினம் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே இருப்பது அதைத் தடுக்க உதவுகிறது. எனவே மாலை ஓட்டம் அவள் உடம்புக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையைச் சோதியுங்கள். லேசர் அறுவை சிகிச்சை செய்தால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். பிளஸ் டூவோடு சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) வழியில் அது ஏற்கப்படாது. பட்டப்படிப்புக்குப் பின் போகும் வழியிலும் 20 வயதுக்கு மேல் செய்திருக்க வேண்டும், செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற கறாரான நிபந்தனைகள் உண்டு. யாரையும் கேட்காமல் 18 வயதில் போய்ச் செய்துகொண்டால் இருந்த வாய்ப்பையும் கெடுத்துக்கொள்வதாகும்.

அளவும் கண்ணும் சரியாக இருந்தால், இனி எந்த வாசல் என்று பார்ப்போம்.

முதல் வாசல் என்.டி.ஏ. இதற்கான தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம், விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களுக்கும் இந்த வாசல் திறந்தது. 2022-ல் உள்ளே போன முதல் பெண்கள் அணியிலிருந்து 17 பேர் 2025 மே மாதம் புனே அருகே கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஆனால் எண்ணிக்கையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சமீபத்திய அறிவிப்புகளில் ஒரு சுற்றுக்கு விமானப்படையின் பறக்கும் கிளைக்கு 92 இடங்கள், அவற்றில் பெண்களுக்கு 2. நாடு முழுவதற்கும் இரண்டே இரண்டு. முயற்சி செய்ய வேண்டும், ஆனால் இதை மட்டுமே நம்பித் திட்டம் போடக் கூடாது.

உங்கள் மகளுக்கு உண்மையான பெரிய வாசல் ஏ.எஃப்.கேட்., அதாவது பட்டதாரிகளுக்கான விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு. இதை விமானப்படையே நடத்துகிறது, ஆண்டுக்கு இரண்டு முறை. பறக்கும் கிளைக்கு வயது 20 முதல் 24. வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை. பிளஸ் டூவில் கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியே 50 விழுக்காடு, ஏதேனும் மூன்றாண்டுப் பட்டத்திலோ பொறியியலிலோ 60 விழுக்காடு. எந்தப் பட்டம் என்பது முக்கியமல்ல, 60 விழுக்காடுதான் முக்கியம். கடினமான பொறியியல் பிரிவை எடுத்து அரியரில் மாட்டி 58 விழுக்காட்டில் முடிப்பதைவிட, பிடித்த பாடத்தில் நன்றாக முடிப்பது மேல். இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். வீட்டில் இதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு (சி.டி.எஸ்.) வழியாகவும் விமானப்படை அகாடமிக்கு இடங்கள் உண்டு, ஆனால் அவை ஆண்களுக்கே அறிவிக்கப்பட்டு வந்திருக்கின்றன.

மூன்றாவதாக என்.சி.சி. விமானப் பிரிவு. அதில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகம் நடத்தும் தேர்வு வாரியத்துக்குப் போகும் தனி வழி உண்டு. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது அங்கே விமானப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. தரைப்படைப் பிரிவில் வாங்கும் 'சி' சான்றிதழ் இந்த வழிக்குப் பயன்படாது. விமானப் பிரிவில் மைக்ரோலைட் என்னும் சிறு விமானத்தில் பறக்கும் அனுபவமும் கிடைக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அக்னிவீர் வாயு என்பது அதிகாரி நிலை அல்ல, அதில் சேர்ந்தால் விமானி ஆக முடியாது. பெயரைப் பார்த்து ஏமாந்து பிளஸ் டூ முடித்ததும் அதில் சேரும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். என்.டி.ஏ.வில் கணிதம் 300 மதிப்பெண், 120 கேள்வி. சரியான விடைக்கு 2.5, தவறுக்கு 0.83 போகும். பொதுத் திறன் தாள் 600 மதிப்பெண், 150 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1.33 போகும். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். மொத்தம் 900-க்கு சமீப ஆண்டுகளில் எழுத்துத் தேர்வுக் கட் ஆஃப் பெரும்பாலும் 300-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. தெரிந்ததைத் தப்பில்லாமல் போட்டு, தெரியாததை விட்டுவிடுகிறவர் தேறுகிறார். 120-க்கு 110 கேள்விக்குக் கை வைத்தவர்தான் பெரும்பாலும் தோற்கிறார். ஆனால் கட் ஆஃபைத் தொட்டால் போதும் என்றும் இருக்கக் கூடாது, ஏனென்றால் இறுதித் தரவரிசை எழுத்து 900, நேர்முகம் 900 இரண்டையும் கூட்டி வருவது.

நம் மாநில மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போடுவார்கள். என்.டி.ஏ. கணிதத்தில் முக்கோணவியல், கணங்கள், நேர்கோடு, ஈருறுப்புத் தேற்றம், புள்ளியியல் என்று பிளஸ் ஒன் பாடத்திலிருந்து நிறைய வருகிறது. மகள் இப்போது பிளஸ் ஒன்னில் இருப்பது நல்ல நேரம். புத்தகத்தின் பின்னால் உள்ள கணக்குகளை முழுவதும் அவளே போடட்டும். பொதுத் திறன் தாளில் 200 மதிப்பெண் ஆங்கிலம். மீதி 400-ல் இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல், நடப்பு நிகழ்வுகள். வரலாறும் புவியியலும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களை இரண்டு முறை முழுவதும் படித்தாலே கணிசமாக வந்துவிடும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படிப்பவர்கள் கணிதக் கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயரைத் தனி நோட்டில் எழுதிப் பழகுவது அவசியம். பெண்களுக்கு என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

ஏ.எஃப்.கேட். 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். ஆங்கிலத்தில் மட்டும். கணக்கு பத்தாம் வகுப்புத் தரம்தான். வேகமும் உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மூன்று மாத ஒழுங்கான தயாரிப்பு போதும். இதற்குப் பெரிய தொகை கட்டிக் கோச்சிங் போவதைவிட, அந்தப் பணத்தில் நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்றே சொல்வேன். பயிற்சி அகாடமியில் நீச்சல் தெரியாமல் போய்ச் சேருபவர்கள் முதல் பருவம் முழுவதும் தண்ணீரோடு போராடுகிறார்கள்.

உடற்பயிற்சியில் இரண்டு இலக்குகள். தேர்வு வாரியத்துக்குப் போகும்போது 1.6 கி.மீ.யைப் பத்து நிமிடத்தில் ஓடி, 10 தண்டால், 3 சின் அப் (பாரில் தொங்கி உடலை மேலே இழுப்பது) எடுக்கும் நிலை. என்.டி.ஏ.வில் சேரும்போது அதைவிட நீண்ட ஓட்டம், 20 தண்டால், 8 சின் அப். முதலாவது எளிது. இரண்டாவதுக்கு ஆறு மாதமாவது வேண்டும். வாரம் மூன்று நாள் மெதுவான நீண்ட ஓட்டம், ஒரு நாள் 400 மீட்டர் வேக ஓட்டம் ஆறு முறை, வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது. ஒரே மாதத்தில் சாதிக்க நினைத்துத் தார்ச்சாலையில் ஓடினால் கணைக்கால் எலும்பு முன்பக்கம் வலியெடுத்து இரண்டு மாதம் உட்கார வேண்டியிருக்கும். சின் அப் ஒன்றுகூட வராத பெண்பிள்ளைகள் நாற்காலி போட்டு மேலே ஏறிப் பாரைப் பிடித்து, ஐந்து வரை எண்ணி மெதுவாக இறங்குவதைத் தினம் ஐந்து முறை செய்தால், இரண்டு மூன்று மாதத்தில் முதல் சின் அப் வந்துவிடும். ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையோடு ஓட்டப்பயிற்சி செய்தால் முன்னேற்றமே தெரியாது, காரணம் புரியாமல் பிள்ளை மனம் தளர்ந்துபோவாள்.

எழுத்தில் தேறியவர்களை விமானப்படைத் தேர்வு வாரியம் அழைக்கும். நமக்கு அருகிலிருப்பது மைசூரு. டேராடூன், காந்திநகர், வாரணாசி ஆகிய ஊர்களிலும் உண்டு. மொத்தம் ஐந்து நாள் போல ஆகும். முதல் நாளே ஒரு வடிகட்டல். வாய்மொழி, உருவத் தர்க்கக் கேள்விகள், பிறகு மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அதை ஒரு நிமிடம் சொல்லிவிட்டுக் குழுவில் உள்ள பதினைந்து பேரும் கூடிப் பொதுக் கதை ஒன்றை உருவாக்க வேண்டும். அங்கே சந்தைக்கடை மாதிரி ஒரே கூச்சல் இருக்கும். வருபவர்களில் பாதிக்கு மேல் அன்று மதியமே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

நம் பிள்ளைகள் இங்கே விழுவதற்கு ஆங்கிலத் தவறுகள் காரணமல்ல, வாய் திறக்காததுதான் காரணம். இலக்கணம் சற்றுப் பிசகினாலும் தெளிவாகப் பேசியவர் உள்ளே போகிறார். இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு கட்டுரையை உரக்கப் படித்துவிட்டு, தாளை மூடி, இரண்டு நிமிடம் அதைப் பற்றி உங்கள் முன் நின்று ஆங்கிலத்தில் பேசட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, உட்கார்ந்து கேட்டால் போதும். ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து உளவியல் தேர்வுகள். 12 படங்களுக்குக் கதை, கடைசியாக வருவது வெறும் வெள்ளை. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம். 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். மனப்பாடக் கதைகள் உடனே பிடிபடும். எல்லாக் கதையிலும் நாயகன் கடைசியில் விருது வாங்கினால், பதினைந்து பேரும் ஒரே கோச்சிங்கில் படித்தவர்கள் என்பது மதிப்பிடுபவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 'பயம்' என்ற சொல் வந்தால் 'ஒருவர் எதற்கும் பயப்படக் கூடாது' என்று எழுதுவது உபதேசம். அதிலிருந்து எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'தினமும் பயிற்சி செய்ததில் தண்ணீர் பயம் போய்விட்டது' என்பது நடந்த ஒன்றைச் சொல்கிறது. அதனால்தான் பிள்ளைக்கு உண்மையான அனுபவங்கள் வேண்டும். தெருவில் ரத்ததான முகாம் நடத்தினாளா, பள்ளிக் கபடி அணியில் ஆடினாளா, தனியாக ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போயிருக்கிறாளா என்பதெல்லாம் இங்கே எழுத்தில் வரும். எல்லாவற்றையும் அப்பா, அம்மாவே செய்துகொடுத்த பிள்ளைக்கு இந்த 60 சூழ்நிலைகளில் எழுத ஒன்றும் இருக்காது.

வெளித்திடல் பணிகளில் பலகை, கயிறு, கம்பம் கொண்டு குழுவாகத் தடை தாண்டுவது, தனியாக மூன்று நிமிடத்தில் 10 தடைகளைக் கடப்பது எல்லாம் வரும். குழுத் திட்டமிடல் தாளில் வரைபடமும், தண்டவாளம் உடைந்திருக்கிறது என்பது போன்ற நாலைந்து பிரச்சினைகளும் இருக்கும். முதலில் தூரத்தை எல்லாம் நேரமாக மாற்றி ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 12 கி.மீ., ஜீப் மணிக்கு 40 கி.மீ. என்றால் 18 நிமிடம். இந்தக் கணக்கைப் போடாமல் 'உடனே காப்பாற்றுவோம்' என்று எழுதுபவர்களின் திட்டம், ரயில் வந்து சேர்ந்த பிறகு தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும். நேர்முகத்தில் முதலில் நிரப்பித் தரும் சுயவிவரப் படிவத்திலிருந்தே கேள்விகள் வரும். அதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உண்மை இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஒரே முறை சோதனை, சி.பி.எஸ்.எஸ். என்கிற கணினி வழி விமானித் தேர்வு. இதில் தோற்றால் என்.டி.ஏ.வோ, ஏ.எஃப்.கேட்.டோ, எந்த வாசல் வழியாகவும் பறக்கும் கிளைக்கு மறுபடி வர முடியாது. தரைப்பணிக் கிளைகள் மட்டும் திறந்திருக்கும். 'சும்மா அனுபவத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்' என்று 17 வயதில் தயாரிப்பில்லாமல் அனுப்புவது இந்த ஒரே காரணத்தால் ஆபத்தானது. போகட்டும், ஆனால் இதற்குத் தயாராகிப் போகட்டும்.

முதல் பகுதி விமானக் கருவிகளின் முகப்பைப் படித்து விடை சொல்வது. உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம், திருப்பமானி, திசைகாட்டி, ஏற்ற இறக்க வேகமானி ஆகிய ஆறும் மனதில் பதிய வேண்டும். உயரமானியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடிகாரம் போலத்தான் இருக்கும். நீண்ட முள் நூறுகளையும், குட்டை முள் ஆயிரங்களையும் காட்டும். நீண்ட முள் 9-ல், குட்டை முள் 3-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் அவசரத்தில் 3,900 அடி என்று படித்துவிடுவார்கள். சரியான விடை 2,900. குட்டை முள் இன்னும் மூன்றைத் தொடவில்லை. மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்ன முள் எங்கே நிற்கும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். செயற்கை அடிவானத்தில் விமானக் குறி அசையாது, அடிவானக் கோடுதான் சாயும். கோட்டின் இடமுனை தாழ்ந்திருந்தால் விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. திசைகாட்டியில் 24 என்றால் 240 பாகை. தினம் அரைமணி வீதம் ஒரு மாதம் இந்த ஆறு முகப்புகளை வரைந்து பழகினால் போதும்.

இரண்டாம் பகுதி இயந்திரத்தில். கையில் கட்டைப்பிடி, காலில் பெடல்கள், எதிரே திரையில் நழுவும் புள்ளியை நடுவில் நிறுத்த வேண்டும். இடையிடையே விளக்கும் ஒலியும் வரும், அதற்கும் பதில் தர வேண்டும். தோற்பவர்கள் செய்வது ஒரே தவறு: புள்ளி விலகியதும் பிடியை முழுவதும் இழுப்பார்கள், புள்ளி மறுபுறம் ஓடும், அதைத் துரத்துவார்கள். சின்னச் சின்ன அசைவாகத் திருத்தினால் புள்ளி அடங்கும். முந்தைய இரவு நல்ல தூக்கம், காலுக்குப் பொருந்தும் மெல்லிய அடிப்பாக ஷூ, சோதனைக்கு முன் தரும் செயல்விளக்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்பது. இதற்கு மேல் வெளியே காசு கொடுத்து இயந்திரப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பிறகு மருத்துவப் பரிசோதனை, டெல்லியிலோ பெங்களூருவிலோ உள்ள விமானப்படை மருத்துவ மையத்தில். அளவும் கண்ணும் முன்பே பார்த்தாயிற்று. மற்றபடி அடிக்கடி மாட்டுபவை: காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, சொத்தைப் பல், எடை, மூலம், நிற்கும்போது முட்டிகள் ஒட்டிக் கணுக்கால்கள் 5 செ.மீ.க்கு மேல் விலகுவது, முழங்கையின் வெளிப்புறச் சாய்வு பெண்களுக்கு 18 பாகையைத் தாண்டுவது, முதுகெலும்பு எக்ஸ்ரேயில் பிறவி வேறுபாடு. முதல் சிலவற்றை ஒரு வருடம் முன்பே சரிசெய்துவிடலாம். பச்சை குத்திக்கொள்வதைத் தவிர்ப்பதே நல்லது.

தேறியவர்களின் அடுத்த இடம் ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமி. பிலாட்டஸ் பி.சி.7 விமானத்தில் முதற்கட்டப் பயிற்சி. அதை முடித்த பிறகுதான் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். இதை மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விண்ணப்பிப்பது பறக்கும் கிளைக்கு, போர் விமானத்துக்கு அல்ல. பயிற்சியில் காட்டும் திறனும் படையின் தேவையும்தான் அதைத் தீர்மானிக்கும். போர் விமானப் பிரிவுக்குப் போகிறவர்கள் பின்னர் பீதரில் ஹாக் ஜெட் விமானத்தில் பயில்வார்கள். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூன் மாதம் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். சோதனை முயற்சியாகத் தொடங்கிய அந்த ஏற்பாடு 2022-ல் நிரந்தரமானது. ஆக, வழி திறந்தே இருக்கிறது. ஆனால் ஹெலிகாப்டர் கிடைத்தாலும் மகிழ்ச்சியோடு பறப்பேன் என்ற மனம் வேண்டும்.

பயிற்சியில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் கைத்திறன் இல்லாததால் தடுமாறுவதில்லை. விமானத்தில் ஏறும் முன்பே மனதில் பறந்து பார்க்காததால்தான். இரவு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, விமானி அறைப் படத்தை எதிரே ஒட்டி, சரிபார்ப்புப் பட்டியலை உரக்கச் சொல்லி, கையை அந்தந்த விசைக்குக் கொண்டுபோய்ப் பழக வேண்டும். அவசரநிலை நடவடிக்கைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இறங்கும்போது மூக்குக்கு நேர்கீழே தரையைப் பார்த்தால் உயரம் தவறாகத் தெரிந்து விமானம் மோதித் துள்ளும். பார்வை ஓடுபாதையின் தொலைமுனைக்குப் போக வேண்டும். முதல் சில பறத்தல்களில் வாந்தி வருவது சகஜம். வெறும் வயிற்றில் ஏறினால் அதிகமாகும்.

பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பொறுப்பேற்ற பிறகு அதே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, பறக்கும் படி முதலியன. என்.டி.ஏ. வழி நிரந்தரப் பணி. ஏ.எஃப்.கேட். வழி பறக்கும் கிளையில் 14 ஆண்டுப் பணி, ஓய்வூதியம் கிடையாது. 23 வயதில் சேர்ந்தால் 37-ல் வெளியே வருவாள். பயணிகள் விமான நிறுவனங்களில் 65 வயது வரை பறக்கலாம் என்பதால் இன்னும் 28 வருடம் மிச்சம். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வழிசெலுத்தல், வானிலை, விதிமுறைகள் போன்ற தாள்களில் 70 விழுக்காடு வாங்கி உரிமம் பெற வேண்டும். சரக்கு விமானத்தில் பறந்தவர்களுக்கு இந்த மாற்றம் எளிது. போர் விமானத்திலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ வருபவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்படும். நேரடியாகத் தனியார் பள்ளியில் வணிக விமானி உரிமம் எடுப்பதும் ஒரு வழிதான். 200 மணி நேரப் பறத்தலும் மற்றவையும் சேர்ந்து செலவு பெரும்பாலும் அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். கடன் வாங்கித்தான் முடியும் என்றால் முதலில் விமானப்படையை முயன்று பாருங்கள், 24 வயதுக்குப் பிறகும் அந்தத் தனியார் வழி எங்கும் போய்விடாது.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் மட்டுமே மாட்டும் ஒரு சிக்கல்: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுவதும் விரித்து. நமக்கு எல்லாம் ஒரே பெயர்தான். வட மாநிலத்தில் கோப்பைச் சரிபார்ப்பவருக்கு அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு அனைத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள், பிறந்த தேதி உட்பட. விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள். மதிப்பெண் சான்றிதழிலேயே பிழை இருந்தால் பள்ளி வழியாக விண்ணப்பித்துத் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும். மகள் இன்னும் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.